கடைசிப் பத்து நாள் பேப்பர்

அந்தப் பெட்டி இன்று காலை திரும்பி வந்துவிட்டது. மேற்பார்வையாளர் வழக்கம்போல ஒரு போன்ஜூர் சொல்லி, அதை என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் கோப்பியோடு போய்விட்டார். நான் மூடியைத் திறக்கவில்லை. திறக்காமலே வாசம் வந்தது. வினாகிரி வாசம், ஊறுகாய்ப் போத்தலில் வரும் புளிப்பு. பழைய பிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் அப்படித்தான் மணக்கும். நீர் போன பிறகு ஜான்-டலோன் சந்தையில் ஊறுகாய்ப் போத்தல் அடுக்கிய கடைப் பக்கம்கூட நான் போவதில்லை. சுற்றிக்கொண்டு மற்ற வாசலால் போகிறேன். இன்று அந்த வாசம் என் மேசைக்கே வந்துவிட்டது.

பெட்டியின் மேல் உம்முடைய கையெழுத்து இருக்கிறது. சுருள் எண்ணும் பத்திரிகையின் பெயரும் நீர் எழுதியபடியே இருக்கின்றன.

இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். காலையிலிருந்து மூன்று முறை கை கழுவினேன். இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனேன். எவரும் கேட்காத கோப்புகளுக்கெல்லாம் பெயர் மாற்றினேன். நீர் பக்கத்தில் இருந்திருந்தால், "என்ன, சோதனை மறுமொழி வந்த பிள்ளை மாதிரி முழிக்கிறீர்?" என்று கேட்டிருப்பீர். ஓம், பயம்தான். இந்தப் பெட்டிக்குள் ஒரு தேர்தலின் முடிவு இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேல் முந்திய தேர்தல். நின்றவர்களும் இல்லை, வாக்குப் போட்டவர்களும் இல்லை, அவர்களின் பிள்ளைகளும் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த முடிவைப் பற்றி உம்மிடம் நான் ஒரு கதை சொன்னேன். அது பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியாமல் சொன்ன கதை. மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். அதனால்தான் திறக்காமல் உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டவுன்டவுனில், நூலகத்தின் நிலக்கீழ் அறையில், ஜன்னல் இல்லாத மூலையில் நாலு வருடம் நாங்கள் இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம், காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் அமெரிக்க மாநிலத்தின், பிலிம் சுருளில் படமெடுத்து வைத்த பழைய தினசரிகள்தான் எங்களுக்கு வாய்த்தவை. ஒரு காலத்தில் இங்கே கியூபெக்கிலிருந்து அங்கே மில் வேலைக்குப் போன குடும்பங்களின் வாரிசுகள் இப்போது தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள். அதற்காக ஒவ்வொரு நாள் பேப்பரையும் கணினியில் ஏற்றி, அதில் வரும் பிறப்பு, இறப்பு, கலியாணப் பெயர்களைப் பதிய வேண்டும். நீர் வாசிப்பீர், நான் தட்டுவேன். ஒரு நாள் பேப்பரை முடிக்க எங்களுக்கும் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அவர்களுக்கு ஒரு நாள் நகர்ந்தால் எங்களுக்கும் ஒரு நாள் நகரும்.

அப்படி நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஆளுநர் தேர்தல் வந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பார்த்ததும் நீர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டீர்.

"இஞ்ச பாரும், ஆளுநரைச் சனம் வோட்டுப் போட்டு எடுக்குதாம். எங்கட ஊரில கொழும்பெல்லோ அனுப்பி வைக்கும்!"

"நூறு வருசத்துக்கு முந்தின கதைக்கு நீர் ஏன் இப்பிடித் துள்ளுறீர்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, யார் வென்றது என்று பார்க்கப் போனைக் கையில் எடுத்தேன். எனக்கு எதையும் முடிவு தெரியாமல் பார்க்க முடியாது. படம் என்றாலும் கடைசிக் கால் மணி நேரத்தை முதலில் பார்த்துவிடுவேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க மெற்றோ வாசலிலிருந்து வீடு திரும்பியவள் நான் என்பது உமக்குத் தெரியும்.

நீர் என் போனை வாங்கி மேசையில் குப்புற வைத்தீர்.

"பாக்கக் கூடாது. அவையளுக்கு எப்ப தெரியுமோ அப்பத்தான் எங்களுக்கும். ஒரு நாளைக்கு ஒரு நாள் பேப்பர்."

அதுதான் சட்டம் என்றாயிற்று. சுருளை முன்னுக்குச் சுற்றவும் கூடாது, இணையத்தில் தேடவும் கூடாது. முதல் கிழமை எனக்குப் பெரிய அவஸ்தை. பிறகு அந்த அவஸ்தையே பழகிவிட்டது.

மூன்று பேர் நின்றார்கள். ஆங்கிலப் பெயர்கள் வாயில் நிற்காததால் நாங்களே பெயர் வைத்தோம். மில் முதலாளி ஒருவர், படத்தில் முகத்தின் பாதியை மீசை மூடியிருந்தது. அவர் மீசையர். மதுவை ஒழிக்க வந்த பாதிரியார் பிரசங்கியார். மூன்றாமவர் ஓர் ஒல்லியான வழக்கறிஞர். ரயில் கட்டணத்தைக் குறைப்பேன் என்று குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போனார். அவர் மெலியர். ஒரு படத்தில் அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நாலைந்து விவசாயிகளிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். சப்பாத்து முழுக்கச் சேறு. அந்தப் படத்தோடு நீர் மெலியரின் ஆள் ஆகிவிட்டீர்.

"பாரும், மனிசன் கதைக்கேல்லை, கேக்குது," என்றீர்.

நான் மீசையர் பக்கம். வேறு ஒரு காரணமும் இல்லை. அவர்தான் வெல்லுவார்போல இருந்தார், வெல்லுகிற பக்கம் நின்றால் எனக்கு நித்திரை வரும். இதைச் சொன்னபோது நீர் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

பெண்களுக்கு அங்கே அப்போது வாக்கு இல்லை என்பதும் எங்களுக்கு உறைத்தது. வாக்களிப்பு நாளில் தேவாலய மண்டபங்களுக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடப்போவது பெண்கள்தான் என்று உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. அதை இரண்டு தரம் வாசித்தீர். "சமைக்க விட்டவை, பெட்டிக்குக் கிட்ட விடேல்லை," என்று முணுமுணுத்தீர். பிறகு ஒரு ஆட்டுக்கறி ஆணத்துக்கான சமையல் குறிப்பைக் கண்டு, அதில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை என்று கவலைப்பட்டீர்.

வாக்களிப்பு நாள் மாலைப் பேப்பரில், வாக்குப் போட வந்தவர்களின் வண்டிகள் சேற்றுப் பாதையில் மைல் கணக்காக நின்றதாக எழுதியிருந்ததைப் பார்த்த அன்றுதான் உம்முடைய வாக்குப் பெட்டியின் கதையைச் சொன்னீர். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் எழுதுநராக இருந்த காலத்தில், ஒரு தேர்தலுக்கு உம்மை வாக்குச்சாவடியில் போட்டார்கள். பள்ளிக்கூட வகுப்பறை. நீர் விரலுக்கு மை பூசும் மேசையில். விடியற்காலையிலிருந்து ஆமிக்காரர் வாசலில், உள்ளே நீங்கள் அஞ்சு பேர், நடுவில் முத்திரை வைத்த பெட்டி. சனம் வரவில்லை. பயத்தில் யாரும் வரவில்லை.

"மைப் போத்திலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு இருந்தன். பின்னேரம் நாலு மணிக்கு ஆரும் வராட்டிலும் பெட்டிக்குச் சீல் வைக்கோணும். ஆட்டிப் பாத்தம். சத்தமே இல்லை," என்றீர். "அண்டைக்குப் பிறகு, சனம் லைனில நிக்கிற படத்தைக் கண்டா எனக்கு ஏனோ அழுகை வரும்."

நான் அடுத்த பெயரைத் தட்டினேன். அது ஒரு குழந்தையின் இறப்பு என்று ஞாபகம்.

வாக்களிப்புக்கு மறுநாள் பேப்பரை நாங்கள் ஏற்றியது ஒரு நவம்பர் மாத வியாழக்கிழமை. முதல் பக்கம் முழுக்க மெலியரின் படம், மேலே ஒரே சொல்லில் வெற்றி. நீர் கை தட்டிய சத்தம் அந்த அறைக்கு அதிகம். அதே கிழமைதான் மருத்துவமனையில் செய்த உம்முடைய முதல் பரிசோதனையின் மறுமொழியும் வந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரும்போது ஒரு பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸ் கொண்டுவந்தீர். மெலியருக்கு எத்தனை, உமக்கு எத்தனை என்று நான் கேட்டதற்கு, "முதல்ல தின்னும், பேந்து பிரிப்பம்," என்றீர். மேற்பார்வையாளர் மூன்று தின்றுவிட்டு உறைப்பில் கண்ணைத் துடைத்தார்.

அன்று பின்னேரம் திறந்த பேப்பரில், மலைக் கிராமங்களின் வாக்குகள் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு மூலையில் இருந்தது. ஆற்றில் வெள்ளம், பாதை இல்லை. அதற்கு அடுத்த நாள் மெலியரின் முன்னணி பாதியாகக் குறைந்தது. நாலைந்து நாள் கழித்து, அதிக வாக்கு அவருக்குத்தான், ஆனால் பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை என்று வந்தது. பிரசங்கியார் கொஞ்ச வாக்கைத் தின்றுவிட்டார். அந்த மாநிலத்துச் சட்டப்படி, பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் சட்டசபை கூடி ஒருவரைத் தெரிவு செய்யும். வெற்றி என்று அச்சடித்தவர்கள் மன்னிப்பும் கேட்கவில்லை.

உம்மையும் திரும்பக் கூப்பிட்டார்கள். இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். பச்சை வழி மெற்றோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னீர். நான் ஏன், எதற்கு என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். நீர் பயந்ததாகத் தெரியவில்லை, அல்லது நான் காணவில்லை.

"அதிலயும் மலைக் கிராமம் இருக்காக்கும்," என்றீர். நான் அதற்குக் கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பகிடி விடுகிற விசயமா அது?

ஜனவரியில் சுருளின் கடைசிப் பகுதிக்கு வந்தோம். சட்டசபை கூட இன்னும் இரண்டே நாள். மூடியைத் திறந்தபோதே வினாகிரி மணம் மூக்கில் அடித்தது. அதற்குப் பிறகு இருந்த பத்து நாள் பேப்பரும் சுருங்கி, ஓரம் நெளிந்து போயிருந்தன. மெஷினில் போட்டால் கிழிந்துவிடும். வெளியே அனுப்பிப் பிரதி எடுப்பித்துத்தான் மிச்சத்தைப் பார்க்கலாம். எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அனுப்புவதற்கு ஒரு இளஞ்சிவப்புத் தாள் நிரப்ப வேண்டும். பிரெஞ்சில் எழுத வேண்டும் என்பதால் அந்தத் தாளை நான் ஒருநாளும் தொட்டதில்லை. எப்போதும் உம்மிடம் தள்ளிவிடுவேன். அன்றும் தள்ளினேன். மருத்துவரிடம் போய்விட்டு மத்தியானம்தான் வேலைக்கு வந்திருந்தீர். "நீர் வெளிக்கிடும், நான் முடிச்சிட்டு வாறன்," என்றீர். நான் போய்விட்டேன். அடுத்த நாள், விடுப்பில் போகப்போவதாக என்னிடம் சொன்னீர். சின்ன வைத்தியம்தான், கோடைக்கு முன்னம் வந்துவிடுவேன் என்றீர்.

"அதுவரைக்கும் தேடிப் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணும்."

பண்ணினேன். காத்தும் வந்தேன், கடவுளறிய. இரவில் எத்தனை தரம் அந்த மாநிலத்தின் பெயரைப் போனில் தட்டி, ஒவ்வொரு எழுத்தாக அழித்திருப்பேன் என்று உமக்குத் தெரியாது. மெலியர் வென்றிருந்தால் நீரும் வென்றுவிடுவீர் என்பதுபோல எனக்குள் ஒரு விசர் எண்ணம் வளர்ந்துவிட்டது. மெலியர் தோற்றிருந்தால்? அந்தப் பயத்தில்தான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம்.

மார்ச்சில் மருத்துவமனைக்கு வந்தேன். உம்முடைய அஹுன்ட்சிக் வீட்டுக்குக் கிட்ட, எனக்குத் தெரிந்த பாதைதான் என்றாலும், பஸ்ஸை விட்டு இறங்கி வாசலில் கால் மணி நேரம் நின்றேன். கட்டிலில் நீர் பாதியாகிக் கிடந்தீர். கண்ணாடி மட்டும் முகத்துக்குப் பெரிதாகியிருந்தது. மகள் ஜன்னல் பக்கம் கதிரையில் இருந்தாள். என்னைக் கண்டதும் நீர் கேட்ட முதல் கேள்வி, "ரீல் வந்திட்டுதோ?"

வரவில்லை. ஆனால் "இன்னும் இல்லை" என்று சொன்னால், நீர் அதைப் பார்க்காமலே போய்விடுவீர் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று எனக்குப் பட்டது. வாய் தானாகச் சொன்னது.

"ஓம், வந்திட்டுது. நேத்துத்தான்."

"ஆர் வெண்டது?"

"மெலியர்தான்."

"மெய்யாவோ?"

"மெய்யா. சட்டசபையில எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவையாம். பதவியேற்பு அண்டைக்குச் சனம் குதிரையை அவிட்டுவிட்டு, வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போச்சுதாம். கோயில் மணியெல்லாம் அடிச்சதாம்."

நான் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், உமக்குத் தெரியும். நீர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர். முடிந்ததும் கண்ணைத் திறந்து ஒரே ஒரு விசயம் கேட்டீர்.

"அண்டைக்குப் பனி கொட்டினதோ?"

"இல்லை இல்லை, நல்ல வெயில்," என்றேன்.

"நல்லது," என்று என் கையைப் பிடித்தீர். சிரித்தீர். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

பிறகு ஒரு மாதமும் இல்லை. இறுதிச் சடங்கு மண்டபத்தில் உம்மைப் பெட்டியில் வைத்திருந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பிரெஞ்சுதான் முதலில் வாயில் வரும். அன்று தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"அன்ரி, அம்மாக்கு ஜனவரியிலயே சொல்லிட்டினம், இனி ஒண்டும் செய்ய ஏலாது எண்டு. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவா. நீங்கள் நித்திரை கொள்ள மாட்டீங்களாம்."

எனக்கு உம்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாலு வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு இதைச் சொல்ல மனமில்லையா? சின்னப் பிள்ளையா நான்? அந்தக் கோபத்தோடு சேர்ந்து என் பொய்யும் உள்ளே கிடந்து புளித்தது. நீர் எனக்கு மறைத்தீர், நான் உமக்குப் பொய் சொன்னேன். இப்படித்தான் முடிய வேண்டுமா என்று இந்தக் கோடை முழுக்க மெற்றோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

சரி. மேற்பார்வையாளர் இரண்டு தரம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டார். திறக்கிறேன்.

திறந்து அரை மணி நேரமாகிவிட்டது. பேனை பிடிக்க இப்போதுதான் கை வருகிறது.

உள்ளே புதுப் பிரதி ஒன்று, பழைய சுருள் ஒன்று, இரண்டுக்கும் மேலே நாலாக மடித்த இளஞ்சிவப்புத் தாள். பிலிமைத் தொடப் பயந்து முதலில் தாளைத்தான் எடுத்தேன். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, இதில் என்னென்ன எழுதுவது என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு சுருள் கட்டடத்தை விட்டு வெளியே போவதென்றால், அனுப்புகிறவர் அதை அடியில் விளக்கு எரியும் வெளிச்ச மேசையில் வைத்து, கையால் மெதுமெதுவாகக் கடைசி வரைக்கும் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். எங்கே கிழிசல், எங்கே கறை என்று குறிக்க வேண்டுமாம். முதல் பக்கத்தின் தலைப்பையும் கடைசிப் பக்கத்தின் தலைப்பையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வழியில் ஒன்றும் வெட்டுப்படவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கடைசிப் பக்கத்துக்கான கட்டத்தில் உம்முடைய சின்னச் சின்ன எழுத்து. எனக்குத் தெரிந்த பிரெஞ்சுக்கே அது விளங்கியது. புதிய ஆளுநர் பதவியேற்றார். அதன் பக்கத்தில் ஒரு பெயர். மீசையரின் பெயர். அதற்குக் கீழே, பத்திரிகை போட்டிருந்த துணைத்தலைப்பையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தீர்: கடும் பனிப்பொழிவு, ஊர்வலம் இல்லை.

அதற்கும் கீழே கையெழுத்தும் திகதியும். ஜனவரி. நீர் மருத்துவரிடம் போய்விட்டு மத்தியானம் வந்த அதே நாள்.

காலையில் உம்முடைய முடிவைக் கேட்டுவிட்டு வந்து, மத்தியானம் வெளிச்ச மேசையில் தனியாக நின்று மெலியருடைய முடிவையும் பார்த்திருக்கிறீர். என்னை வெளிக்கிடச் சொல்லிவிட்டு. பிறகு அடுத்த நாள் என் முன்னால் நின்று, தேடிப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறீர். அது சட்டத்துக்காக வாங்கிய சத்தியம் இல்லை என்று இப்போது தெரிகிறது. நான் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக வாங்கியது.

அப்படியென்றால் அந்தக் கட்டிலில் கிடந்து, நான் குதிரையை அவிழ்த்ததையும் வண்டியை இழுத்ததையும் மணி அடித்ததையும் எல்லாம் தெரிந்துகொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்தீர். ரீல் வரவில்லை என்பதும் என் கதையிலிருந்தே உமக்குத் தெரிந்திருக்கும். பனி கொட்டியதோ என்று கேட்டீரே, பொல்லாத ஆள் நீர்! நான் எவ்வளவு தூரம் போவேன் என்று பார்த்தீரா? இல்லாவிட்டால், ஒருத்தி உமக்காக அந்தப் பனியையும் நிறுத்தினாள் என்பதைக் கேட்க ஆசைப்பட்டீரா? இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மேற்பார்வையாளர் ஒரு பெட்டி திசுக் கடதாசியை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

என் கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை, அது என்னோடு பிறந்தது. இன்றும் அடுப்பை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

புதுப் பிரதியை மெஷினில் ஏற்றிவிட்டேன். பத்து நாள் பேப்பர் மிச்சம் இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டது, ஆனாலும் நான் முன்னுக்குச் சுற்றவில்லை. முதல் நாளில் நிற்கிறேன். சட்டசபை கூட இன்னும் ஒரு நாள் இருக்கிறது, மெலியர் விடுதியில் தங்கி நம்பிக்கையோடு பேட்டி கொடுத்திருக்கிறார். மூன்று பிறப்பு, இரண்டு கலியாணம், ஒரு இறப்பு. நானே வாசித்து நானே தட்டுகிறேன். நாளைக்கு அடுத்த நாள் பேப்பர். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வர இன்னும் இரண்டு கிழமை ஆகும், அதுவரைக்கும் அந்த மனிசர் தோற்கவில்லை. இனி இளஞ்சிவப்புத் தாளையும் நானே நிரப்பப் போகிறேன், பிழையான பிரெஞ்சில் என்றாலும்.

ஒரு பதில் மட்டும் உமக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். கட்டிலில் கிடந்து கேட்டீரே.

ஓம். அண்டைக்குப் பனி கொட்டினது.